பழைய ‘மை லிட்டில் போனி’: வாசகர் கேள்வி, பதில்

1980-களில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் கொண்டுவந்த ‘மை லிட்டில் போனி’ ரப்பர் குதிரைப் பொம்மைகளைச் சேர்ப்பது பற்றி மதுரை வட்டார வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

அத்தை அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த குதிரை ஒன்று இருக்கிறது. குளம்பின் அடியில் ‘ஹாஸ்ப்ரோ 1982, ஹாங்காங்’ என்று இருக்கிறது. 1982-ல் செய்ததுதானே?
– வாசகி, திருநகர்

அப்படிச் சொல்லிவிட முடியாது. குளம்பில் இருப்பது அந்த வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு. அதே அச்சில் பின்னாலும் வார்த்திருப்பார்கள். காலத்தைக் கணிக்கக் குளம்பின் அடியைத் தடவிப் பாருங்கள். அமெரிக்காவில் முதலில் விற்ற ஆறு குதிரைகளுக்கு (காட்டன் கேண்டி, புளூ பெல், பட்டர்ஸ்காட்ச், மின்ட்டி, ஸ்னசில், பிளாசம்) குளம்பு தட்டையாக இருக்கும். அடுத்து வந்தவற்றில் உள்ளே குழிந்திருக்கும்.

ஆண்டைவிட ஊர்ப் பெயர்தான் முக்கியம். ஹாங்காங், சீனா என்று இருந்தால் பரவலாகக் கிடைப்பவை. இத்தாலி, ஸ்பெயின் என்று இருந்தாலோ, கிரீஸில் எல் கிரேக்கோ, அர்ஜென்டினாவில் டாப் டாய்ஸ், பிரேசிலில் எஸ்ட்ரேலா போன்ற நிறுவனங்கள் உரிமம் வாங்கிச் செய்தவையாக இருந்தாலோ கதை வேறு. அதே குதிரை வேறு உடல் நிறத்தில், வேறு பிடரி நிறத்தில் வரும். இவற்றைச் சேகரிப்பவர்கள் ‘நிர்வானா’ என்கிறார்கள். விலையும் அதற்குத் தகுந்த மாதிரி ஏறும்.

வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு காட்டன் கேண்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. இத்தாலி வகை என்று சொல்லி நல்ல விலை கேட்கிறார்கள். படத்தில் குளம்பு தெரியவில்லை. நம்பலாமா?
– வாசகர், அண்ணா நகர்

குளம்பு தெரியாத படத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். நாலு குளம்பின் அடியும் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். கொடுக்க யோசித்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

வெளிறிய குதிரைகளில் பெரும்பாலானவை வெயில் குடித்தவை. ரோஸும் ஊதாவும்தான் முதலில் போகும். மேற்குப் பார்த்த ஜன்னல் அலமாரியில் சில வருஷம் நின்றாலே போதும், இந்த ஊரில் ‘அபூர்வ வகை’ தானாகப் பிறந்துவிடும்! அதனால் வெயில் படாத இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பிடரியைத் தூக்கி அதற்கடியில் மறைந்திருக்கும் கழுத்தைப் பாருங்கள். பின்னங்கால்களின் உட்பக்கத்தையும் பாருங்கள். அங்கே மட்டும் நிறம் அடர்த்தியாக இருந்தால் அது வெளுத்த சாதாரணக் குதிரை. உண்மையான நாட்டு வகை (இத்தாலி, கிரீஸ் போல அந்தந்த நாட்டில் செய்தது) என்றால் உள்ளும் வெளியும் ஒரே நிறமாக இருக்கும். முடிக்கும் இதே கணக்குதான்: நுனி வெள்ளையாகவும் வேர்ப்பக்கம் ரோஸாகவும் இருந்தால் வெயில்.

இன்னொன்று, முடி மாற்றிய குதிரை. பழைய முடியைப் பிடுங்கிவிட்டு வேறு நிறத்தில் நட்டிருப்பார்கள். துளைக்குத் துளை முடியின் கனம் மாறும், சில துளைகள் கிழிந்திருக்கும், உடல் அழுக்கேறிக் கிடக்கப் பிடரி மட்டும் புத்தம்புதிதாக மின்னும். ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், அபூர்வ விலை கொடுக்கக் கூடாது.

படத்தை டியூப்லைட்டில் எடுத்தால் நிறம் பொய் சொல்லும். பகலில், நிழலில், வெள்ளை ஏ4 தாள் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

வால் முளைக்கும் இடத்தைச் சுற்றி ஆரஞ்சு கலந்த பழுப்புக் கறை. தேய்த்தாலும் போகவில்லை.
– வாசகர், மேலூர்

அது துரு. வாலை உள்பக்கமாகப் பிடித்திருப்பது ஒரு சின்ன உலோக வாஷர். குழந்தைகள் குளிக்க வைத்தபோது உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அதைத் துருப்பிடிக்க வைத்துவிட்டது. வெளியே எத்தனை தேய்த்தும் புண்ணியமில்லை, தலையைக் கழற்றத்தான் வேண்டும்.

பிடரியைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, கழுத்து இணைப்பைச் சூடான நீரில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வடிவம் கோணிவிடும். ரப்பர் இளகியதும் வெண்ணெய் தடவும் மொட்டைக் கத்தியை இணைப்பில் நுழைத்துச் சுற்றி வாருங்கள், பசை விடும். தலையைத் திருகியபடி இழுங்கள். வரவில்லையென்றால் மறுபடி சூடாக்குங்கள். ஆறிய நிலையில் பலத்தைக் காட்டினால் கழுத்து கிழியும்.

பிறகு மூக்குக் குறடால் வாலை உள்பக்கமாக இழுத்து எடுத்து, வாஷரை வெட்டி எறியுங்கள். உடலின் உட்புறத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர் கொண்டு கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்தது பூஞ்சைதான். வால் முடியின் அடியைச் சின்ன பிளாஸ்டிக் கேபிள் டையால் இறுக்கி, உள்ளிருந்து துளை வழியாக வெளியே விட்டு, கழுத்தைச் சூடாக்கித் தலையைப் பொருத்துங்கள். பசை தேவையில்லை. ரப்பருக்குள் ஊறிவிட்ட கறை முழுதாகப் போகாது. மேற்கொண்டு பரவாமல் நிற்கும், அவ்வளவுதான்.

நாட்டு வகைக் குதிரை என்றால் இதில் அவசரம் வேண்டாம். வால் எப்படிப் பொருத்தியிருந்தது என்று கழற்றும்போதே படமெடுத்து வையுங்கள். பின்னால் விற்கும்போது மாற்றியதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

பீரோவில் பாச்சை உருண்டை போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். குதிரை பிசுபிசுவென்று ஆகிவிட்டது.
– வாசகி, வில்லாபுரம்

பாச்சை உருண்டையை முதலில் வெளியே எடுங்கள். அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கும். பிசுபிசுப்புக்கு வேறு காரணமும் உண்டு. ரப்பர் என்று நாம் சொன்னாலும் இந்தக் குதிரைகள் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்; மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் மேலே கசியும். நாற்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்தால் சீக்கிரமே கசியும். மிதமான சோப்பில் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் தாளில் சுற்றி, காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில், வீட்டின் குளுமையான அறையில் வைத்தால் போதும்.

பால்பாயின்ட் பேனாக் கிறுக்கல். நகப்பூச்சு ரிமூவர் போடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

கூடாது. அதிலுள்ள அசிட்டோன் கண்ணையும் இடுப்புச் சின்னத்தையும் கரைத்துவிடும், ரப்பரின் மேற்பரப்பையும் கெடுக்கும். முகப்பருவுக்கு மருந்துக்கடையில் விற்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறையின் மேல் மட்டும் தடவி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடி, வெளிச்சத்தில் சில மணி நேரம் வையுங்கள். மிச்ச உடலை அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள். மாடி வெயில் அதிகம், ஜன்னலோர வெளிச்சமே போதும். கழுவிப் பார்த்து மறுபடி செய்யலாம். களிம்பு உடலின் நிறத்தையும் வெளுக்கும் என்பதால் ரோஸ், ஊதாக் குதிரைகளில் முதலில் கால் உட்புறத்தில் ஒரு புள்ளி வைத்துச் சோதியுங்கள்.

முடி சிடுக்காகி விளக்குமாறு மாதிரி நிற்கிறது.
– வாசகி, சோழவந்தான்

போர் தண்ணீரில் அலசாதீர்கள். உப்பு படிந்து முடி இன்னும் முரடாகும். கேன் தண்ணீரில் ஷாம்பூ போட்டு அலசி, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து மேலாக உலோகச் சீப்பால் வாருங்கள். வேரிலிருந்து இழுத்தால் கொத்தோடு வந்துவிடும். கடைசியாகச் சூடான நீரைப் பிடரியின் மேல் ஊற்றி, நேராக வாரி, அப்படியே காயவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பொம்மைக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பார்சல் சுங்கத்தில் நின்றால் எழுதிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்கு வரும் சொந்தக்காரரின் பெட்டியில் ஒரு ஓரம் கேளுங்கள்.

உடம்புக்குள்ளேயே பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. போகுமா?
– வாசகி, வாடிப்பட்டி

மேலே அப்பியது பூஞ்சை என்றால் நீர் கலந்த வினிகரில் போகும். ரப்பருக்குள் பிறந்த புள்ளி போகாது. விலையில் குறைத்துக் கேளுங்கள்.

கொலுவில் விளாச்சேரி மண் பொம்மைகளோடு இந்தக் குதிரைகளையும் வைக்கலாமா?
– வாசகி, திருப்பரங்குன்றம்

வைக்கலாம், ஒன்றை ஒன்று தொடாமல். கசியும் எண்ணெய் மண் பொம்மையின் பெயின்ட்டை இளக்கி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது பெயின்ட் குதிரையோடு வந்துவிடும். படியில் அடியிலும் ஒரு தாள் போட்டு நிறுத்துங்கள். சூடாகும் குண்டு பல்பைப் பக்கத்தில் வைக்காமல் எல்.இ.டி. சரம் போட்டுக்கொள்ளுங்கள்.