சிலையைப் பார்த்தால் பக்தி குறையுமா?

கேள்வி: பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் 'சிந்தனையாளர்' சிலைப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னதே, நம்பலாமா?

பதில்: வேண்டாம். 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்தச் சோதனையில் கனடா மாணவர்கள் மொத்தமே 57 பேர். ஆராய்ந்து சிந்திக்கத் தூண்டும் என்று சிலருக்கு அந்தச் சிலைப் படம், ஒப்பிட மற்றவர்களுக்கு வட்டெறியும் வீரன் சிலைப் படம். பிறகு நம்பிக்கைக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். 2017இல் 941 பேரை வைத்துத் திரும்பச் செய்ததில் அந்த விளைவு கிடைக்கவில்லை. (பக்தி என்ன, பார்த்ததும் கரைய கற்கண்டா?) ஆள் குறைந்தால் தற்செயலும் விளைவுபோலத் தோன்றும். இரு குழுக்களின் சராசரி வித்தியாசம் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சிதறும் அளவில்) 0.2 பங்கே இருக்கும் சிறிய விளைவை 80% வாய்ப்போடு பிடிக்கவே குழுவுக்குச் சுமார் 400 பேர் வேண்டும். முடிவுக்கு ஏற்ப விதியை மாற்றாமலிருக்க, எத்தனை பேர், எந்தக் கேள்வி, யாருடைய பதிலை விலக்குவது என்பதையெல்லாம் தரவு சேர்க்கும் முன்பே தேதியோடு பொதுவில் பதிந்துவிட வேண்டும். பின்னால் மாற்றினால் அதையும் சொல்லவேண்டும்.