நூறாண்டு போதாது: யூதரின் பிறந்தநாள் குறித்து வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல சமயத்தவரும் இணைந்து நடத்தும் நல்லிணக்கக் குழு ஒன்றின் செயலாளர் நான். எங்களோடு நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் யூத சமூகத் தலைவருக்கு விரைவில் 80 வயது நிறைகிறது. வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ‘யூதர்கள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை, அவர்களுடைய வேதத்திலேயே அதற்குத் தடை உண்டு’ என்று உறுப்பினர் ஒருவர் சொல்லிவிட்டார். அது சரியா?

பதில்: தடை ஏதும் இல்லை, தயங்காமல் எழுதுங்கள். பிறந்தநாளை அறவே கொண்டாடாதவர்கள் ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பெயரைக் கேட்டு அவர்களை யூதர்கள் என்று எண்ணிக்கொள்வது பலருக்கும் நேர்கிற குழப்பம். உங்கள் உறுப்பினருக்கும் அதுவே நேர்ந்திருக்கலாம்.

ஆயினும் அவருடைய கூற்றை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் பிறந்தநாள் விருந்து என்று ஒன்றே ஒன்றுதான் வருகிறது. அதுவும் இஸ்ரவேலர் எவருடையதும் அன்று, எகிப்தின் பார்வோனுடையது. ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தில், சிறையில் இருக்கும் யோசேப்பு உடனிருந்த இருவரின் கனவுகளுக்குப் பொருள் சொல்கிறார். மூன்றாம் நாள் பார்வோனின் பிறந்தநாள் வருகிறது. அன்றைய விருந்தின்போது பானபாத்திரக்காரர்களின் தலைவன் பழைய பதவிக்குத் திரும்புகிறான், அப்பம் சுடுவோரின் தலைவன் தூக்கிலிடப்படுகிறான். ஆள்பவனின் பிறந்தநாள் என்றால் எவன் தலை தப்பும், எவன் தலை உருளும் என்று ஊர் அஞ்சியிருக்கும் நாள் என்பதே அந்தக் காட்சி மனத்தில் பதிக்கும் எண்ணம். வேடிக்கை என்னவென்றால், இன்றைய எபிரேயத்தில் பிறந்தநாளுக்கு வழங்கும் ‘யோம் ஹுலெதெத்’ என்ற தொடரே பார்வோனைப் பற்றிய அந்த வசனத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

பிற்கால வரலாறும் இந்தக் கசப்பைக் கூட்டியது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸின் ஆட்சியில், மாதந்தோறும் மன்னனின் பிறந்தநாள் கொண்டாடப்பட்டபோது பலிப் படையலை உண்ணும்படி யூதர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டார்கள் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் சொல்கிறது. ரோமானியர் காலத்தில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, சிலைவழிபாட்டினரின் திருநாள்களை வரிசைப்படுத்தும் இடத்தில் அரசர்களின் பிறந்தநாளையும் சேர்த்திருக்கிறது. அந்நாள்களை ஒட்டி அவர்களோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது அங்குள்ள விதி. பிறந்தநாள் விழா என்றாலே சக்கரவர்த்தியின் சிலைமுன் எழும் புகை என்று கண்டு பழகிய ஒரு சமூகம் அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கியதில் வியப்பில்லை.

ஆனால் அதே யூத மரபின் நடுவே வேறொரு விருந்தும் இருக்கிறது. மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் பாபிலோனியத் தல்மூத்தில், ரவ் யோசேப் என்ற பேரறிஞர் தமக்கு 60 வயது ஆனபோது கற்றறிந்தவர்களை அழைத்து விருந்து வைத்தார் என்ற செய்தி வருகிறது. அறுபதுக்குள் நேரும் சாவு சில பாவங்களுக்கு விண்ணிலிருந்து வரும் தண்டனையாகக் கருதப்பட்ட காலம் அது. தாம் அந்த எல்லையைக் கடந்துவிட்டதே அவருடைய மகிழ்ச்சிக்குக் காரணம். அவருடைய மாணவர் அபாயே விருந்துக்கு வந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை: ஆண்டுக் கணக்கில் வரும் தண்டனைக்குத் தப்பிவிட்டீர்கள், சரி, திடீர்ச் சாவாக வரும் தண்டனைக்கும் தப்பிவிட்டீர்களா என்று கேட்டார். பாதியாவது கையில் இருக்கட்டுமே என்பது ரவ் யோசேப்பின் பதில். வாழ்ந்த ஆண்டுகளுக்கு நன்றி சொல்லவும், மிச்சத்தைப் பற்றிப் பெருமை பேசாதிருக்கவும் தெரிந்த அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ரப்பி (யூத சமய ஆசான்) யோசேப் ஹய்யிம், ஆண்டுதோறும் பிறந்தநாளை நன்னாளாகக் கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு என்றும், அது நல்லது என்றும், தம் வீட்டிலும் அவ்வாறே செய்வதாகவும் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே உங்கள் மடல் எந்த விதியையும் மீறாது.

கேள்வி: அவர் பிறந்த ஆங்கிலத் தேதியில் மடலைக் கொடுக்கலாமா, அல்லது யூத நாள்காட்டியின்படி நாள் பார்க்க வேண்டுமா?

பதில்: அன்றாட வாழ்வில் பெரும்பாலான யூதர்கள் பொது நாள்காட்டியைத்தான் பின்பற்றுகிறார்கள், ஆங்கிலத் தேதியில் வாழ்த்துவது தவறாகாது. சமயப் பற்று மிகுந்தவர் என்றால் எபிரேயத் தேதியையும் அறிந்து வாழ்த்துவது அவருக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும். அதற்குப் பிறந்த நாள் மட்டும் போதாது, நேரமும் தெரிய வேண்டும். ஏனெனில் யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரிய மறைவில். மாலை ஏழு மணிக்குப் பிறந்தவர் எபிரேயக் கணக்கில் மறுநாள் பிறந்தவராக இருக்கக்கூடும்.

அந்த நாள்காட்டியில் மாதங்கள் நிலவைச் சார்ந்தவை, ஆண்டு சூரியனைச் சார்ந்தது. இரண்டையும் இசைவிக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறார்கள். அவ்வாண்டுகளில் ஆதார் என்ற மாதம் இரண்டாக வரும். இதனால் விளையும் ஒரு விந்தையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரட்டை ஆண் குழந்தைகளில் மூத்தவன் முதல் ஆதாரின் கடைசி நாளில் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பும், இளையவன் மறைந்த பிறகு இரண்டாம் ஆதாரின் முதல் நாளிலும் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் வயது நிறைவது ஒரே ஒரு ஆதார் மட்டுமே உள்ள ஆண்டில் என்றால், இளையவனின் நாள் அம்மாதத்தின் தொடக்கத்திலும், மூத்தவனின் நாள் அம்மாதம் கழிந்த பிறகும் வரும். கட்டளைகளுக்குப் பொறுப்பேற்கும் ‘பார் மிட்ஸ்வா’ தகுதியைத் தம்பி, அண்ணனைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முந்திப் பெற்றுவிடுவான்.

கேள்வி: யூதர்கள் பிறந்தநாளைவிட இறந்த நாளையே பெரிதாக நினைக்கிறார்கள் என்று படித்தேன். இது ஒருவகை விரக்தி அல்லவா? – மற்றொரு வாசகர்

பதில்: இறந்த நாளை அவர்கள் தவறாமல் அனுசரிப்பது உண்மை. ‘யார்ட்சைட்’ என்று ஐரோப்பிய யூதர்கள் அழைக்கும் அந்நாளில் 24 மணி நேரம் எரியும் விளக்கை ஏற்றி, கதிஷ் என்ற மன்றாட்டைச் சொல்வார்கள். இறந்த நாள் பிறந்த நாளைவிட நல்லது என்று பிரசங்கி நூலின் 7-ஆம் அதிகாரம் சொல்வதற்கு, மித்ராஷ் விளக்கவுரையில் ஓர் உவமை உண்டு. துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள்: ஒன்று புறப்படுகிறது, மற்றொன்று கரை சேர்கிறது. கூடியிருந்தவர்கள் புறப்படும் கப்பலைப் பார்த்துத்தான் ஆரவாரம் செய்கிறார்கள். அங்கு நின்ற அறிவாளி ஒருவர், எந்தப் புயலில் சிக்கப்போகிறதோ தெரியாத கப்பலுக்கு ஆரவாரம் எதற்கு, சரக்கோடு நலமாக வந்து சேர்ந்ததற்கல்லவா மகிழ வேண்டும் என்கிறார். இதில் எனக்கு விரக்தி தெரியவில்லை. கணக்கு முடியும் முன்பே லாபம் பேசாத வணிகரின் நிதானம்தான் தெரிகிறது.

மோசேயைப் பொறுத்தவரை இரண்டு நாள்களும் ஒன்றே. ஆதார் 7-ஆம் நாள் பிறந்து, 120 ஆண்டுகள் கழித்து அதே நாளில் அவர் மறைந்தார் என்பது தல்மூத்தின் கணக்கு. யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமான் சீட்டுப் போட்டபோது ஆதார் மாதம் விழுந்தது. மோசே இறந்த மாதமாயிற்றே என்று அவன் மகிழ்ந்தான், அவர் பிறந்ததும் அதே மாதம்தான் என்பதை அறியாமல் போனான் என்று தல்மூத் அவனை எள்ளி நகையாடுகிறது.

கேள்வி: தலைவர் ஒருவரின் பிறந்தநாளை யூதர்கள் பொது விழாவாகக் கொண்டாடியது உண்டா?

பதில்: உண்டு. நியூயார்க்கின் புருக்ளினில் வாழ்ந்த, லுபாவிச் ஹசிதியர்கள் என்ற யூத பக்தி இயக்கத்தினரின் தலைவர் ரப்பி மெனாஹெம் மெண்டல் ஷ்னேர்சன் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அவர் பிறந்தது 1902 ஏப்ரல் 18. எபிரேயக் கணக்கில் நிசான் 11. 1972-இல் 70 வயது நிறைந்தபோது, இனி அவர் ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்ற பேச்சும் எழுந்தது. அடுத்த ஓராண்டுக்குள் 71 புதிய நிறுவனங்களைத் தொடங்க வேண்டும் என்று தம்மைப் பின்பற்றுவோரிடம் கேட்டுக்கொண்டதே அதற்கு அவர் தந்த பதில். பிறந்தநாள் பரிசு கேட்கிற தலைவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தமக்கென்று எதுவும் இல்லாமல் இப்படிக் கேட்டவர்கள் அரியவர்கள்.

1978-இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் அவருடைய பிறந்தநாளைக் கல்வி நாளாக அறிவித்தார். அந்த ஆண்டு நிசான் 11 மீண்டும் ஏப்ரல் 18-ஆம் தேதியிலேயே வந்தது. 19 ஆண்டுச் சுழற்சி நான்கு முறை முடிந்திருந்ததால் இரு நாள்காட்டிகளும் பொருந்தி நின்றன. 1988-இல் மனைவி மறைந்த சில வாரங்களில், அந்த மனைவியின் பிறந்தநாளையொட்டி, ஒவ்வொருவரும் தத்தம் பிறந்தநாளில் தருமம் செய்து, தோரா படித்து, உற்றாரோடு கூடி, கடந்த ஆண்டை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லாப் பிரிவினரும் இதற்கு இவ்வளவு அழுத்தம் தருவதில்லை.

கேள்வி: கேக் வெட்டலாமா? பரிசாக என்ன தரலாம்?

பதில்: உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவர் என்றால் கோஷர் சான்றில்லாத கேக்கை அவரால் தொட முடியாது, மலர்களும் நூல்களுமே சிக்கலற்றவை. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சபாத் ஓய்வுநாள். அப்போது நெருப்பு ஏற்றுவதும் அணைப்பதும் கூடாது என்பதால் மெழுகுவர்த்தி பற்றிய பேச்சே எழாது, விழாவையும் வேறு நாளில் வையுங்கள். அவர் பெயரில் நன்கொடை தருவதானால் 18-இன் மடங்காகத் தருவது அவர்களுடைய வழக்கம். ‘உயிருள்ளது’ எனப் பொருள்படும் ‘ஹாய்’ என்ற எபிரேயச் சொல்லின் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் 18 வரும்.

கேள்வி (முதற்கேள்வி கேட்ட வாசகரே): நான் எழுதிய வரைவு இது: ‘யூத குலத்தின் ஒப்பற்ற ஒளிவிளக்கே! குற்றம் குறை இல்லாத குணக்குன்றே! யெகோவா தேவன் உங்களுக்கு நூறாண்டு ஆயுள் அருள்வாராக!’ திருத்தம் ஏதேனும் உண்டா?

பதில்: உங்கள் அன்பு தெரிகிறது; திருத்தங்களும் தேவைப்படுகின்றன. முதலில் அந்தத் திருப்பெயரை எடுத்துவிடுங்கள். யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. எபிரேயத்தில் அது எழுதப்பட்ட தாளைக் குப்பையில் எறியாமல் புதைத்துவிடுவார்கள். ‘இறைவன்’ என்பதே போதும்.

அடுத்தது நூறாண்டு. நாம் மனமுவந்து சொல்லும் அந்த வாழ்த்து இங்கே இரண்டு வகையில் தவறிப் போகிறது. மிஷ்னாவின் ‘ஆவோத்’ பகுதி வயதுக்கு வயது மனிதரின் நிலையைச் சொல்லிக்கொண்டு வந்து, நூறு வயதானவர் ஏற்கெனவே இறந்து உலகை விட்டுக் கடந்துவிட்டவரைப் போன்றவர் என்று முடிக்கிறது! தவிர, யூதர்களின் வழக்கமான வாழ்த்து ‘அத் மேயா வெ-எஸ்ரிம்’, அதாவது ‘நூற்றிருபது வரை’. நீங்கள் இருபது ஆண்டுகளைக் குறைத்துவிட்டீர்கள். 120 என்பது மோசேயின் வயது. சாகும்போதும் அவருடைய கண் மங்கவில்லை, வலிமை குன்றவில்லை என்று உபாகமம் சொல்வதால், வெறும் ஆயுளை மட்டுமன்றித் தெளிவையும் திடத்தையும் சேர்த்து வாழ்த்துவதாக அது ஆகிறது. அதே ‘ஆவோத்’ 80 வயதை ‘வலிமையின் வயது’ என்று குறிப்பது உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

கடைசியாக, புகழ்ச்சி. ஒருவரின் முன்னிலையில் அவருடைய புகழில் ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும், முழுவதையும் அவர் இல்லாத இடத்தில் சொல்ல வேண்டும் என்பது தல்மூத்தின் அறிவுரை. அதற்கு நோவாவின் கதையே சான்று: நோவாவைப் பற்றிப் பேசும்போது ‘நீதிமான், குற்றமற்றவர்’ என்று இரண்டு சொற்கள் வருகின்றன, கடவுள் நோவாவிடம் நேரில் பேசும்போதோ ‘நீதிமான்’ என்ற ஒரு சொல் மட்டுமே வருகிறது. ஆகவே ஒளிவிளக்கையும் குணக்குன்றையும் அவர் இல்லாத கூட்டத்துக்கு வைத்துக்கொண்டு, மடலில் அவர் செய்த ஒரு செயலை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். எங்கள் முயற்சி இப்படி:

‘மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் குழுவில் கருத்து வேறுபாடு முற்றிய நாள்களில் கடைசி ஆளாக எழுந்து செல்பவர் நீங்களாகவே இருந்தீர்கள். வலிமையின் வயது என்று உங்கள் முன்னோர் குறித்த எண்பதை நீங்கள் நிறைவு செய்யும் இந்நாளில், கண் மங்காமல், வலிமை குன்றாமல் நூற்றிருபது வரை எங்களோடு இருக்க இறைவன் அருளட்டும். மசல் தோவ்.’

‘மசல் தோவ்’ என்பது எபிரேய வாழ்த்துச்சொல். முதல் வாக்கியத்தை உங்களுக்குத் தெரிந்த உண்மை நிகழ்ச்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். ‘அவருடைய நினைவு ஆசியாக விளங்கட்டும்’ என்ற தொடரையும் சில இடங்களில் பார்த்திருப்பீர்கள். அழகான தொடர்தான், ஆனால் அது இறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. தவறியும் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.