மூன்று தோல்விக்குப் பிறகு நான்காவது ரவுண்ட்

வணக்கம் சார்,

என் மகளுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. பள்ளிகளுக்கு இடையிலான செஸ் போட்டிகளில் நிறைய கோப்பை வாங்கியிருக்கிறாள். கோச் சொன்னதால் போன மாதம் கோவையில் நடந்த ஓபன் ரேட்டிங் டோர்னமென்ட்டுக்கு முதன்முறையாக அழைத்துப்போனேன். முதல் மூன்று ரவுண்டும் தோல்வி. மூன்றாவதில் ஜெயித்தது எட்டு வயதுப் பையன். இரண்டாம் நாள் ராத்திரி லாட்ஜில் சாப்பிடாமல் அழுதாள். “ஊருக்குப் போயிடலாமா பாப்பா?” என்று கேட்டேன். “ஒன்பது ரவுண்டும் ஆடிட்டுத்தான் வருவேன்” என்றாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து கிளம்பி நின்றாள். கடைசியில் இரண்டரைப் புள்ளி.

கோப்பை வாங்கிய நாட்களில் வராத பெருமை அன்றைக்கு வந்தது. ஹால் வாசலில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். மாமியார், “தோத்துட்டு வந்ததை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” என்கிறார். கணவர் செலவுக் கணக்கு பார்க்கிறார். அவளும் “அழிச்சிடும்மா” என்கிறாள். நான்தான் கிறுக்கா? இன்னொன்று, அவளும் கோச்சும் பேசிக்கொள்வது இப்போது எனக்கு ஒன்றுமே புரிவதில்லை. அதுவும் ஒரு மாதிரி இருக்கிறது.

ம., நாமக்கல்

அன்புள்ள ம.,

கிறுக்கெல்லாம் இல்லை. முதலில் உங்கள் கணவருக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

இந்த டோர்னமென்ட்டுகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடப்பவை. முதல் ரவுண்டில் எல்லோரையும் ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) வரிசைப்படி நிறுத்தி, பட்டியலை இரண்டாக வெட்டி, மேல்பாதி ஆளுக்குக் கீழ்பாதி ஆளை ஜோடி போடுவார்கள். ரேட்டிங்கே இல்லாத உங்கள் மகளுக்கு மேல்பாதி ஆள்தான் வந்திருப்பார். அந்தத் தோல்வி முறையிலேயே எழுதப்பட்டது. அதன்பின் ஒரே புள்ளியில் இருப்பவர்களை முடிந்தவரை ஒருவரோடு ஒருவர் மோதவிடுவார்கள். தோற்றவர் யாரும் வெளியேறுவதில்லை, கடைசி ரவுண்ட் வரை ஆடலாம். பள்ளிப் போட்டிகளில் ஜெயித்துப் பழகியவளுக்குத் தன் உண்மையான உயரம் நாலாவது, ஐந்தாவது ரவுண்டில்தான் தெரிய ஆரம்பித்திருக்கும். அங்கிருந்து இரண்டரைப் புள்ளி எடுத்திருக்கிறாள் என்றால் போன காசு வீண் இல்லை. எட்டு வயதுப் பையனை நினைத்தும் கூச்சப்பட வேண்டாம். 2016இல் பிரக்ஞானந்தா இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் வாங்கியபோது பதினொரு வயது நிறையவில்லை. அவரிடம் தோற்ற பெரியவர்கள் எத்தனை பேர் வீட்டில் என்ன கேட்டார்களோ!

மாமியாருக்குப் பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியின் கதையைச் சொல்லுங்கள். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் பெண்கள் கேண்டிடேட்ஸ். எட்டுப் பேர், 14 ரவுண்ட். ஜெயிப்பவருக்கு உலக சாம்பியனோடு மோதும் வாய்ப்பு. வைஷாலி 6ஆவது ரவுண்டிலிருந்து 9ஆவது வரை வரிசையாக நாலு ஆட்டம் தோற்றார். அதற்கு மேல் முதலிடம் என்பது கணக்கில்கூட நம்ப முடியாத தூரம். அப்புறம் மிச்சமிருந்த ஐந்தையும் ஜெயித்தார். போட்டியை வென்றது டான் ஜோங்யி. வைஷாலி ஏழரைப் புள்ளியோடு இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். என்னைக் கேட்டால், அந்த ஐந்து வெற்றியைவிடப் பத்தாவது ரவுண்டுக்குப் போய் உட்கார்ந்ததுதான் பெரிய விஷயம். இதில் மட்டும் நீங்களும் நானும் ஒரே கட்சி.

குகேஷையும் சேர்த்துக்கொள்ளலாம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்த பையன், பத்தாவது ரவுண்டில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுக்கு எதிராக ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, அவர் அணிக்கு வெண்கலம். போர்டு முன்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பையனைப் பலரும் பார்த்தோம். இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்டில் அதே முதல் போர்டில் பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளி, இந்தியாவுக்குத் தங்கம். அந்த டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலக சாம்பியன். இதையெல்லாம் உங்கள் மகளும் சாம்பியன் ஆவாள் என்பதற்காகச் சொல்லவில்லை, பெரும்பாலும் ஆகமாட்டாள். தோற்ற மறுநாள் ஆட உட்கார்வது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் உள்ள வேலை, பாப்பாவுக்கும் அதே வேலைதான்.

சரி, இப்போது உங்கள் பெருமைக்கு வருகிறேன். எனக்குக் கொஞ்சம் பயம் இருப்பது அங்கேதான்.

கோப்பைக்காகப் பெருமைப்படும் பெற்றோரைத் திட்ட நிறைய பேர் இருக்கிறார்கள். “நான் கோப்பைக்காகப் பெருமைப்படவில்லை, அவள் விடாமல் நின்றதற்காகத்தான்” என்று சொல்லும் பெற்றோரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். அம்மாவுக்கு என்னிடம் பிடித்தது நான் பாதியில் விடாததுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டேட்டஸே வந்துவிட்டது. அடுத்த முறை நிஜமாகவே முடியவில்லை என்றால்? காய்ச்சலாக இருக்கலாம். அல்லது செஸ்ஸே அலுத்துப்போய், கீபோர்டு கத்துக்கணும் என்று தோன்றியிருக்கலாம். “அம்மா, போதும், ஊருக்குப் போலாம்” என்று அவளால் சொல்ல முடியுமா? கோப்பை கிடைக்கவில்லை என்றால் எதிராளி நன்றாக ஆடினான் என்று சமாளிக்கலாம். விட்டுவிட்டு வந்தால் சமாளிக்க யாரும் இல்லை, தன் குணமே சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். பதினொரு வயதில் அது பெரிய சுமை.

அன்றைக்கு ராத்திரி “ஊருக்குப் போயிடலாமா?” என்று நீங்கள் கேட்டீர்கள் இல்லையா, அதைத்தான் உங்கள் கடிதத்திலேயே உயர்ந்த இடமாக நான் நினைக்கிறேன். கட்டிய பணத்தைப் பற்றிப் பேசாமல் கதவைத் திறந்து வைத்தீர்கள். போகலாம் என்ற வழி இருந்ததால்தான் இருப்பது அவளுடைய முடிவாக ஆனது. அந்தக் கேள்வியை இனிமேலும் நிஜமாகவே கேளுங்கள். ஒருநாள் “போலாம்” என்று சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், முகம் மாறாமல்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே போயிருக்கும், விடுங்கள். அடுத்த முறை போடுவதற்கு முன் அவளைக் கேளுங்கள். உங்களுக்கு அது விடாமுயற்சி, அவளுக்கு அது இரண்டரைப் புள்ளி. வகுப்பில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவள்தானே. ரேட்டிங் வந்தபின் இன்னும் கவனம் வேண்டும். மாதாமாதம் ஒன்றாம் தேதி புதுப் பட்டியல் வரும். பதினெட்டு வயது வரை, 2300 தொடாதவர்களுக்கு ஏற்ற இறக்கம் வேகமாக இருக்கும்படிதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். சம பலமுள்ள ஒருவரிடம் ஜெயித்தால் 20 ஏறும், தோற்றால் 20 இறங்கும். அதோடு சேர்ந்து வீட்டின் மனநிலையும் ஏறி இறங்கும் குடும்பங்களை ஹால் வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் அண்ணன் மகளுக்குத் துணையாகப் போய் நானும் அந்த வாசல்களில் உட்கார்ந்தவன்.

அவர்கள் பேசுவது புரியவில்லை என்கிறீர்கள். இதற்கு இரண்டு அம்மாக்களைச் சொல்கிறேன். ஒருவர் விஸ்வநாதன் ஆனந்தின் அம்மா சுசீலா. மகனுக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அப்பாவின் வேலைக்காக மணிலாவில் இருந்தபோது, பகலில் பையன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் டிவியில் செஸ் நிகழ்ச்சி வரும். புதிர்களை அம்மா குறித்து வைப்பார், மாலையில் இருவருமாகப் போட்டு விடை அனுப்புவார்கள். பரிசு புத்தகம். கடைசியில், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்றார்களாம். ஆனந்தே சொல்லியிருக்கும் கதை. இன்னொருவர் வைஷாலிக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் அம்மா, நாகலட்சுமி. வைஷாலி டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். நாகலட்சுமிக்கு ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் தெரியாது. ஊர் ஊராகக் கூடவே போய்ச் சோறும் ரசமும் வைத்துக் கொடுப்பவர். 2023இல் பாகுவில் நடந்த செஸ் உலகக் கோப்பையில் மகனைச் சுற்றி நிருபர்கள் நிற்க, ஓரமாக நின்று அவர் சிரிக்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இருவரில் யார் மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டால், தெரியாத அம்மாவாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது என்பேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது “அந்தக் குதிரையை ஏன் அங்கே வெச்சே?” என்று உங்களால் கேட்க முடியாது. ஏற்கெனவே எதிராளி, கோச், கம்ப்யூட்டர் மூவரும் அவளிடம் அதைத்தான் கேட்கிறார்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் அவளையே சொல்லித்தரச் சொல்லுங்கள், ஒரு ஆட்டத்தில் அவளிடம் தோற்றும் பாருங்கள்.

அப்புறம், அடுத்த டோர்னமென்ட்டுக்கு உங்கள் கணவரை அனுப்புங்கள். பெற்றோரை ஆட்டம் நடக்கும்போது ஹாலுக்குள் விடமாட்டார்கள், ஒரு ரவுண்ட் மூன்று நாலு மணி நேரம்கூட இழுக்கும், பவர் பேங்க் கையில் இருக்கட்டும். அவள் வெளியே வந்ததும் “என்னாச்சு?” என்று கேட்க வேண்டாம், “பசிக்குதா?” என்று கேட்டால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். முடிவு எப்படியும் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் வந்துவிடும்.