பத்துக் கோடி வரை சரி, பணம் மட்டும் கட்டாதீர்கள்

கேள்வி: சோமனூரில் தறி ஓட்டுகிறேன். இன்ஜினியரிங் படிக்கும் என் பையன் மெர்டன்ஸ் கூட்டுத்தொகையைப் பத்துக் கோடி வரை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். ஓரிடத்திலும் அது அந்தந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டவில்லையாம். இதுவே ரீமான் கருதுகோளுக்கு நிரூபணம், சர்வதேச இதழில் போட்டுப் பரிசுக்கும் அனுப்பலாம் என்று காந்திபுரத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா சார்?

பதில்: கட்டாதீர்கள். பையன் செய்த கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் அது நிரூபணம் இல்லை. ரீமான் கருதுகோள் என்பது பகா எண்களோடு தொடர்புடைய ஜீட்டா சார்பு (ஃபங்ஷன்) பற்றிய, இன்னும் நிரூபிக்கப்படாத ஊகம்: அந்தச் சார்பின் மதிப்பு பூச்சியமாகும் முக்கிய இடங்கள் எல்லாம் ‘அரைக்கோடு’ என்ற ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்பது. அந்த இடங்களைத்தான் ‘பூச்சியங்கள்’ என்கிறோம்.

ஒவ்வொரு எண்ணையும் பகா எண்களாகப் பிரிக்க வேண்டும். ஒரே பகா எண் இரண்டு முறை வந்தால் 0. அப்படி வராமல், பகா எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் +1, ஒற்றைப்படை என்றால் −1. இவற்றை 1 முதல் வரிசையாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் பையன் போட்ட மெர்டன்ஸ் கூட்டுத்தொகை. வரவும் செலவும் ஏறக்குறைய அடிபட்டு, கையில் கொஞ்சமே நிற்கும். பத்துக் கோடியில் நிற்பது 1,928. பத்துக் கோடியின் வர்க்கமூலமோ 10,000. பையனுக்கும் 1,928 வந்திருந்தால் புரோகிராம் சரி.

கூட்டுத்தொகை எப்போதும் வர்க்கமூலத்துக்குள் அடங்கும் என்று கணித அறிஞர் மெர்டன்ஸ் 1897இல் ஊகித்தார். அது தவறு என்று ஓட்லிஸ்கோவும் டெ ரீலேயும் 1985இல் நிரூபித்துவிட்டார்கள். கூட்டுத்தொகையின் ஏற்ற இறக்கம் ஜீட்டா சார்பின் பூச்சியங்களிலிருந்து எழும் அலைகளால் ஆனது. முதல் 2,000 பூச்சியங்களை நூறு இலக்கத் துல்லியத்தில் எடுத்து, அந்த அலைகள் எங்கோ ஒரே பக்கம் சேர்ந்து வர்க்கமூலத்தை மீறும் என்று காட்டினார்கள். எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த அலைகள் எண்ணோடு நகர்வதில்லை, எண்ணின் மடக்கையோடு (லாகரிதம்) நகர்கின்றன. பத்துக் கோடியின் இயல் மடக்கை வெறும் 18 சொச்சம். அவ்வளவு தூரம்தான் போயிருக்கிறோம்.

‘அப்போ ரீமானும் பொய்யா’ என்று யாராவது குழப்புவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மெர்டன்ஸ் சொன்னது சரியாக இருந்திருந்தால் ரீமானும் சரி என்று ஆகியிருக்கும். மெர்டன்ஸ் தவறானதால் ரீமானுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரீமானுக்கு வர்க்கமூலத்தைவிடச் சற்றே தாராளமான எல்லை போதும். முக்கியப் பூச்சியங்கள் எல்லாம் அரைக்கோட்டில் இருந்தாலும் கூட்டுத்தொகை வர்க்கமூலத்தைக் கொஞ்சம் தாண்டலாம். திரும்பவும் சொல்கிறேன்: தாண்டினாலும் ரீமான் உடையாது, தாண்டாததாலும் நிரூபணம் ஆகாது.

கம்ப்யூட்டர் காட்டுவதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கணித அறிஞர் போல்யாவின் ஊகம் இருக்கிறது. அது இதன் பங்காளிக் கூட்டுத்தொகை. திரும்ப வரும் பகா எண்களையும் சேர்த்து எண்ண வேண்டும், 2 முதல் எந்த எண் வரை கூட்டிப் பார்த்தாலும் (கூட்டல் 1இலிருந்துதான்) கூட்டுத்தொகை பூச்சியத்துக்கு மேலே போகாது என்பது ஊகம். ஹேசல்குரோவ் 1958இல் அதை உடைத்தார். முதன்முதலில் மீறும் எண் 90,61,50,257. பையன் பத்துக் கோடியில் நிறுத்தியிருந்தால் இதையும் ‘நிரூபித்திருப்பான்’.

இப்போது அந்த சென்டருக்கு வருவோம். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது இதழின் அடையாள எண், தரச் சான்று இல்லை. நம் நாட்டில் அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். மூன்றே நாளில் ‘ஏற்கப்பட்டது’ என்று கடிதம் வந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். பரிசு என்பது, ரீமான் கருதுகோளை நிரூபிப்பவருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த 10 லட்சம் டாலர். அவர்கள் யாரிடமும் நேராகக் கட்டுரை வாங்குவதில்லை. உலகம் மதிக்கும் இதழில் வந்து, இரண்டு வருடமாவது ஆகி, கணித உலகம் ஒப்புக்கொண்ட பிறகுதான் பார்ப்பார்கள். இதில் ஏஜென்டுக்கு என்ன வேலை? ‘பேப்பர் போட்டால்தான் மார்க்’ என்று இரண்டாம் வருடப் பையன்களை விரட்டும் கல்லூரிகள் இருக்கும்வரை இந்தக் கடைகள் மூடாது. எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

பையனை நூறு கோடி வரை போடச் சொல்லுங்கள், −222 வர வேண்டும். மெமரி பத்தாவிட்டால், எண்களைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சல்லடை முறையில் (பகா எண்களின் மடங்குகளைக் குறித்துக்கொண்டே போகும் முறை) போடட்டும். அப்புறம் போல்யா கூட்டுத்தொகை அந்த இடத்தில் மேலே ஏறுவதை அவனே பார்க்கட்டும். கல்லூரி ப்ராஜெக்டுக்கு இது தாராளம்.

சென்டரில் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது போனது போகட்டும். காப்பிரைட் படிவத்தில் மட்டும் பையனைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். போட்டுவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறவும் தனியாகப் பணம் கேட்பார்கள்.