தொட்டி இருக்கிறது, தண்ணீர் இல்லை: யாரிடம், எதைக் கேட்பது?

தருமபுரி மாவட்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தெருமுனையில் மேடை கட்டி சின்டெக்ஸ் தொட்டி வைத்தார்கள். மெயின் லைனோடு இணைக்கவே இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் வேறு துறை என்கிறார்கள். அங்கே போனால் திருப்பி ஒன்றியத்துக்கே அனுப்புகிறார்கள். என்ன செய்யலாம்?"

முதலில் அலைவதை நிறுத்துங்கள். எந்த அலுவலகம் பொறுப்பு என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(3)-இன்படி, தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் மனு வாங்கியவரே 5 நாளுக்குள் அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, அதில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், உங்கள் நகலில் சீலும் தேதியும். அவ்வளவுதான்.

மனுவில் "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று தட்டிக்கழிப்பார்கள். காகிதத்தைக் கேளுங்கள்: மதிப்பீடு, வேலை உத்தரவு, முக்கியமாக எம்-புக். எத்தனை மீட்டர் குழாய், மேடைக்கு எவ்வளவு கான்கிரீட் என்று பொறியாளர் அளந்து இந்த அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாகும். இணைப்புக் குழாய் அதில் ஏறியிருந்து தெருவில் இல்லையென்றால், நடக்காத வேலைக்குப் பணம் போயிருக்கிறது. மதிப்பீட்டிலேயே இணைப்பு இல்லையென்றால், தண்ணீருக்கு வழி பார்க்காமல் தொட்டிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் வீண்செலவுதான், பதில் சொல்ல வேண்டிய ஆள்தான் வேறு. பிரிவு 2(ஜே)-இன்படி வேலையை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். நகலைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம்.

தயவுசெய்து இதைப் பாதியில் விடாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் கறை, பெரியவர்களின் எலும்பில் வலி. இதற்காகத்தானே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! தொட்டி காய்ந்து கிடந்தால் சனங்கள் மறுபடி போர் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

நகல் வந்ததும் அடுத்த கிராம சபையில் வாசித்து, இணைப்பு தரக் கோரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே வருகைக் கையெழுத்துப் போடுங்கள்.