சீக்கிரம் செரிச்சா நல்லதுதானே? – கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம். என் தம்பி 132 கிலோ இருக்கான். ராத்திரி நாலு பரோட்டா சால்னா ஊத்தி அடிச்சிட்டு, ரெண்டு மணி நேரத்துல மறுபடி பசிக்குதுங்குறான். அம்மா 'கல்லைத் தின்னாலும் கரையிற வயிறு'ன்னு பெருமைப்படுது. வெறும் வயித்துல சுகர் 106, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 190. நல்லா செரிக்குதுன்னா சுகர் ஏன்ணே ஏறுது?
– ஒரு வாசகி, திருமங்கலம்

தங்கச்சி,

அம்மா பெருமைப்படுற விசயமே சுகருக்கு ஆகாததா இருக்கலாம். இரைப்பைய கண்மாய்னு வச்சுக்க, அடியில மடை. சோறோ பரோட்டாவோ, அதுல உள்ள சர்க்கரை ரத்தத்துல சேர்றது மடை தாண்டி சிறுகுடலுக்குப் போனப்பறம்தான். சாதாரணமா நிமிசத்துக்கு 1லேர்ந்து 4 கலோரி அளவுதான் திறந்துவிடும், சாப்பிட்ட உடனே சுகர் எவ்வளவு ஏறுதுங்கறதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இந்த வேகத்தைப் பொறுத்தது. உடம்பு ரொம்பப் பெருத்தவங்கள்ல பலருக்கு மடை சீக்கிரமா திறக்குது, எல்லாருக்கும்னு சொல்லிற முடியாது. பசிக்குதுங்கறத வச்சு வேகத்தைக் கணிக்கவும் முடியாது, அதுக்கு தனி ஸ்கேன் இருக்கு.

ஆனா மடையோட கதை முடியல. 2015-ல ஆஸ்திரேலியாவுல வந்த ஒரு ஆய்வுல, சுகர் வியாதி இல்லாத, ஆனா அதிக உடல் பருமன் உள்ளவங்களுக்கு இரைப்பையவே விட்டுட்டு நேரா சிறுகுடல்ல குளுக்கோஸை ஏத்திப் பாத்தாங்க. அப்பவும் ஒல்லியானவங்களை விட வேகமா உறிஞ்சுது. குடல் சுவத்துல குளுக்கோஸை உள்ள இழுக்குற எஸ்ஜிஎல்டி-1ங்கற புரதம் அவங்களுக்கு அதிகமா இருந்துச்சு, இன்சுலின் அதிகமா சுரந்துச்சு, ஜிஎல்பி-1ங்கற குடல் ஹார்மோன் மட்டும் கம்மி. மேல்குடலே எல்லாத்தையும் இழுத்துக்கிட்டா ஜிஎல்பி-1 சுரக்குற செல்லு அதிகமா இருக்குற கீழ்க்குடலுக்கு என்ன மிஞ்சும்? அந்த ஹார்மோன்தான் மடைய மெதுவாக்குறது, போதும்னு மூளைக்குச் சொல்றது. தம்பிக்கு மறுபடி பசிக்கிறதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இப்ப எல்லாரும் பேசுற செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசியெல்லாம் அந்த ஹார்மோன் வேலையத்தான் செய்யுது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டு இளைச்சாருன்னு மெடிக்கல்ல தானா வாங்கி குத்திக்கிறாதீங்க, நம்மூர்ல அந்த தைரியம் ஜாஸ்தி.

இதுல ஒரு வேடிக்கை. எடை குறைக்கிற பைபாஸ் ஆபரேசன் பண்ணா சாப்பாடு முன்னை விட படுவேகமா குடலுக்கு இறங்குது, ஆனாலும் பல பேருக்கு சுகர் குறையுது, ஏன்னா மேல்குடலைத் தாண்டி நேரா கீழ போய் ஜிஎல்பி-1 அள்ளிக் கொட்டுது. அதனால வேகம் மட்டுமில்ல, எந்த இடத்துல உறிஞ்சுதுங்கறதும் கணக்கு. இன்னொரு பக்கம், ரொம்ப வருசமா சுகர் இருக்குறவங்களுக்கு நரம்பு கெட்டு மடை திறக்காமலே கிடக்கும், அவங்க இன்சுலின் போட்டுட்டு சாப்பாடு இறங்காம லோ சுகர் ஆகுறதும் உண்டு.

தம்பிக்கு முதல்ல எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்டு, பாருங்க, பெரியாஸ்பத்திரியிலயே காட்டலாம், 190ஐ மட்டும் வச்சு ஒரு முடிவுக்கு வர வேணாம். அதுவரைக்கும் ஜிகர்தண்டாவ நிறுத்தச் சொல்லு, தண்ணியா இருக்குற இனிப்பு கெட்டி சாப்பாட்டை விட சீக்கிரம் இறங்கிரும். முட்டையும் காயும் முதல்ல, பரோட்டா கடைசியில, அதுவும் ரெண்டோட. வரிசைய மாத்துனாலே சாப்பிட்டப்பறம் ஏர்ற சுகர் குறையுதுன்னு பாத்திருக்காங்க. சால்னாவுக்கு நான் ஒண்ணும் சொல்லல.