மருந்தை ஏன் விட்டுவிடுகிறார்கள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவற்றுக்குக் கடைசி வரி ஒன்றுதான்: "எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்." பதில்களுக்குப் போகும் முன் ஒரு தகவல். நாள்பட்ட நோய்களுக்கு நீண்டகாலச் சிகிச்சை எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை சொல்கிறது. பாதிப் பேர் செய்கிற ஒன்றை ஒருவருடைய பிடிவாதம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. விடுகிறவருக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் வேறு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சொல்லும் எந்த வழியும் பெரும்பாலும் வீண்தான்.

கேள்வி: என் கணவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்து ஒரு வருடம் ஆகிறது. "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையைத் தொடுவதே இல்லை. பக்கவாதம் வரும், சிறுநீரகம் போகும் என்று பயமுறுத்தியும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

உங்கள் பயம் நியாயமானது. அவர் சொல்வதும் பொய் இல்லை, அவர் உடம்புக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. தலைவலி மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் பலன் தெரிகிறது. பிரஷர் மாத்திரையின் பலனோ, என்றைக்கோ வந்திருக்கக்கூடிய ஒரு பக்கவாதம் வராமல் போவது. அதற்காகத் தினமும் காலையில் "நான் நோயாளி" என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பலருக்கு மாத்திரையில் கசப்பது அதுதான்.

1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் உளவியலாளர்கள், காசநோய் எக்ஸ்ரே எடுக்க வசதி செய்து கொடுத்தும் மக்கள் ஏன் வருவதில்லை என்று ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வுகளிலிருந்து வந்த கருத்து இன்றும் எனக்கு உதவுகிறது. ஒருவர் மனதுக்குள் சில கேள்விகளை எடைபோடுகிறார்: இது எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? மருந்து அதைத் தடுக்குமா? மருந்தால் எனக்கு என்ன தொல்லை? நீங்கள் இரண்டாவது கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொல்கிறீர்கள். அவர் இன்னும் முதல் கேள்வியைத் தாண்டவில்லை.

பயமுறுத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1965-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய குழுவினரும் மாணவர்களிடம் டெட்டனஸ் பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பயங்கரமான படங்களோடு, சிலருக்கு மிதமாக. மிகவும் பயந்தவர்கள் "கட்டாயம் ஊசி போட்டுக்கொள்வேன்" என்று அழுத்திச் சொன்னார்கள். ஆனால் உண்மையில் போய் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பிரித்தது பயத்தின் அளவு இல்லை. மருத்துவ மையம் எங்கே என்று வரைபடம் கொடுத்து, எப்போது போகப் போகிறாய் என்று யோசிக்கவும் வைத்த குழுவில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். அந்தத் திட்டம் இல்லாத குழுவில் 3 சதவீதம். கொஞ்சம் பயம் தேவைதான், அதைவிட்டால் மிச்ச வேலையை வழி தெரிவதுதான் செய்கிறது.

அதனால் அவரையே அளக்க விடுங்கள். மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்று போதும். ஒரு வாரம், காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அவரே அளந்து அவர் கையாலேயே எழுதட்டும். வீட்டில் எடுக்கும் அளவு சராசரியாக 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது அதிகம். அந்தத் தாளைப் பார்த்து "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் அவரே போகட்டும்.

அப்புறம் ஒருநாள் நிதானமாகக் கேளுங்கள்: "மாத்திரையில உங்களுக்கு எது பிடிக்கலை?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க நிறுத்த முடியாது என்ற பயமாக இருக்கலாம். சில பிரஷர் மாத்திரைகள் தாம்பத்தியத்தைப் பாதிக்கக்கூடும். ஆண்கள் பலர் இதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். அவர் தனியாக டாக்டரைப் பார்க்க ஒரு வாய்ப்பு கொடுங்கள். மாற்று மருந்துகள் நிறைய இருக்கின்றன.

கேள்வி: நான் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் டாக்டர். ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. ஊக்கமூட்டும் நேர்காணல் முறை எல்லாம் இந்த நேரத்தில் சாத்தியமா?

முழுமையாகச் சாத்தியமில்லை. ஆனால் அதன் சாரம் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும்.

மாறுவதற்கான காரணத்தை நோயாளியையே சொல்ல வைக்கும் இந்த முறையை உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிப்பழக்கத்துச் சிகிச்சையில் கிடைத்த அனுபவத்திலிருந்து எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து இருவரும் 1991-இல் விரிவாக ஒரு நூலாக்கினார்கள். அடிப்படை எளிமையானது. மாற வேண்டுமா என்று யோசிக்கிற ஒருவருக்குள் இரண்டு குரலும் ஏற்கெனவே இருக்கின்றன: மாறணும், வேண்டாம். நீங்கள் "மாறணும்" பக்கத்தை எடுத்துக்கொண்டு வாதாடினால், அவருக்குப் பேச மிச்சம் இருப்பது "வேண்டாம்" பக்கம் மட்டும்தான். தன் வாயால் பேசப் பேச அவர் அந்தப் பக்கத்தையே நம்பவும் தொடங்குகிறார். மருத்துவம் படித்த நமக்குத் தவறைக் கண்டால் உடனே திருத்தும் அவசரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வதுதான் இதில் கடினமான பகுதி.

நடைமுறையில் ஒரு கேள்வி இருக்கிறது. "இந்த மாத்திரையை ஒழுங்காக எடுப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்." அவர் 4 என்றால் "ஏன் 8 இல்லை?" என்று கேட்காதீர்கள். அது அவரைச் சாக்குச் சொல்ல வைக்கும். "ஏன் 1 இல்லை, 4?" என்று கேளுங்கள். இப்போது மருந்துக்கு ஆதரவான காரணத்தை அவரே சொல்லியாக வேண்டும். "பொண்ணு கல்யாணம் வரைக்கும் ஓடணும் டாக்டர்" என்பார். அதைக் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். இதே அளவுகோலில் "உங்களால் முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு?" என்றும் கேளுங்கள். முக்கியம் 9, நம்பிக்கை 3 என்றால் அவருக்கு அறிவுரையே தேவையில்லை. வேளையைக் குறைப்பது, விலை குறைந்த மருந்தாக மாற்றுவது போன்ற உதவிதான் தேவை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் நேரம் கொஞ்சமில்லை.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். எடுத்ததைப் பற்றி நோயாளிகள் உண்மை சொல்லாமல் இருக்கலாம், கவனமாக இரு என்ற எச்சரிக்கை பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலேயே இருக்கிறது. அவர்கள் பொய்யர்கள் என்பதல்ல காரணம், திட்டு வாங்க யாருக்கும் பிடிக்காது. "இத்தனை மாத்திரை என்றால் எல்லாருக்குமே ஒன்றிரண்டு விட்டுப்போகும். போன வாரத்தில் உங்களுக்கு எத்தனை விட்டுப்போனது?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டது எத்தனை என்று சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். விட்டது நமக்குத் தெரியாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவோம், அது ஆபத்து.

கடைசியாக, விளக்கி முடித்ததும் "புரிஞ்சுதா?" வேண்டாம். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கணும், வீட்டில் போய் இதை எப்படி எடுப்பீர்கள் என்று சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். அரை நிமிட வேலைதான்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. ஒரு மாற்றமும் இல்லை, குமட்டல் மட்டும் இருக்கிறது. மாத்திரை எடுக்கக்கூட மனசு வரலை. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து கொடுத்த டாக்டரிடம் இதையே சொல்லுங்கள். இந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொல்லை முதலில் வரும், பலன் பிறகு வரும். குமட்டல் பலருக்கு ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். மனநிலையில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், முழுப் பலனுக்கு இன்னும் சில வாரங்கள். இதை முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். சில வாரங்கள் எடுத்த பிறகு சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம், தூக்கக் கெடுதல் வரலாம், ஆகவே நிறுத்துவதானாலும் படிப்படியாகத்தான்.

இன்னொன்று. "மாத்திரை எடுக்கக்கூட மனசு வரலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் குணக்குறை அல்ல, நோயின் வேலை. மனச்சோர்வு உள்ளவர்கள் எந்தச் சிகிச்சையையும் பின்பற்றாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே இப்போதைக்கு இன்னொருவர் துணையைக் கடன் வாங்குங்கள். தினமும் ஒரு வேளை நினைவுபடுத்த ஒருவர் போதும். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, நிலைகொள்ளாத பதற்றம் கூடினாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரையோ அவசரப் பிரிவையோ அணுகுங்கள்.

கேள்வி: கொலஸ்ட்ரால் மாத்திரையால் தசைவலி வருமாமே? எனக்கு வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன்.

உங்கள் வலி உண்மைதான். அதற்கு மாத்திரைதான் காரணமா என்பதுதான் கேள்வி. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் நடத்திய சாம்சன் என்ற ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையைப் பக்கவிளைவால் நிறுத்தியிருந்த 60 பேர் அதில் இருந்தார்கள். ஒரு வருடத்தில் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. எது ஸ்டாட்டின், எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் இருந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. தங்கள் முடிவுகளைத் தாங்களே பார்த்த பிறகு பாதிப் பேர் மறுபடி மருந்துக்குத் திரும்பினார்கள். எதிர்பார்ப்பே உடம்பில் வலியாக வரும். இதைக் கற்பனை என்று தள்ளும் டாக்டரோடு எனக்கு உடன்பாடில்லை. வேறு ஸ்டாட்டின், குறைந்த அளவு என்று வழிகள் உண்டு, பேசுங்கள். கடுமையான தசைவலியோடு சிறுநீர் அடர்நிறமாகப் போனால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: பதினைந்து வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் போட்டதாகச் சொல்லிவிட்டுப் போடாமல் இருக்கிறாள். ஒழுங்காகப் போட்டால் பரிசு தரலாமா?

முதலில் ஒரு முக்கியமான விஷயம். இந்த வயதில் சிலர் எடை குறைவதற்காக இன்சுலினைக் குறைப்பார்கள். இது ஆபத்தானது. டைப் 1-இல் இன்சுலின் நின்றால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி ஒரு நாளுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாகலாம். உடம்பைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி அவள் என்ன பேசுகிறாள் என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் சிகிச்சைக் குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பரிசு கொஞ்ச நாளுக்கு வேலை செய்யும். 1971-இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி, புதிர் விளையாடும் மாணவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் பணம் கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்த்தார். அவர்களுடைய ஆர்வம் குறைந்தது. அவரும் ரிச்சர்ட் ரையனும் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி, ஒரு செயல் நிலைக்க மூன்று தேவை: இது என் முடிவு, என்னால் முடியும், என்னோடு ஆள் இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது நடப்பது, அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், விசாரணை. எங்கே போடுவது, யாருக்குச் சொல்வது, எதை அவள் பார்த்துக்கொள்வது, எதை நீங்கள் என்பதை அவளே பிரித்துச் சொல்லட்டும். முழுப் பொறுப்பையும் அவள் தலையில் போட்டுவிட்டு நீங்கள் விலகிக்கொள்வதும் தவறு. அந்த வயதில் அது சுதந்திரமாக அல்ல, கைவிட்டதாகத்தான் தெரியும். சுகர் அளவு 300 என்று அவள் உண்மையைச் சொன்னால் முகம் மாறாமல் "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்கப் பழகுங்கள். அதற்குப் பிறகுதான் அவள் உண்மை சொல்வாள்.

கேள்வி: அம்மாவுக்கு ஒன்பது மாத்திரை. டப்பா வாங்கிக் கொடுத்தும் குழப்பிக்கொள்கிறார்.

டப்பாவைவிட முதலில் பட்டியலைப் பாருங்கள். எல்லா டாக்டர்களும் எழுதியதை ஒரே தாளில் எழுதி, ஒரு டாக்டரிடம் "இதில் எதை நிறுத்தலாம், எதைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கலாம், எதை ஒரு வேளையாக்கலாம்?" என்று கேளுங்கள். கண் பார்வையையும், அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரிக்க விரலுக்கு வலு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பல நாள் மறதி என்று நினைத்தது பிரிக்க முடியாமையாக இருக்கும். சில மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கக் கூடாது, சிலவற்றைப் பொடிக்கக் கூடாது. மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு விருப்பமில்லாமல் இல்லை, மறந்துதான் போகிறேன். எத்தனை நாளில் பழக்கமாகும்?

எதுவும் 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் (2010-இல் வெளியானது) புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கேற்ப 18 முதல் 254 வரை. நடுவில் ஒருநாள் விட்டதால் பெரிய பின்னடைவு இல்லை. "காலையில்" என்று பொதுவாக வைக்காமல், "பல் தேய்த்து முடித்ததும்" என்று ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு கட்டுங்கள். விட்ட வேளைக்கு மறுவேளை இரண்டாகப் போடாதீர்கள். விட்டால் என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும், உங்கள் மருந்துக்கு இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் நர்ஸ். எல்லாம் புரிந்தும் "வேண்டாம்" என்கிற நோயாளியை என்ன செய்வது?

மனச்சோர்வோ, குழப்பமோ, வீட்டில் யாருடைய நெருக்குதலோ, பணமோ காரணமில்லை என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை. "முடிவு உங்களுடையது. எனக்குக் கவலையாக இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை" என்று இரண்டையும் சொல்லலாம். எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மறுத்ததையும் அவர் சொன்ன காரணத்தையும் பதிவு செய்யுங்கள். அடுத்து வரும் தேதியைக் குறித்துக் கொடுக்காமல் மட்டும் அவரை அனுப்பாதீர்கள்.